‘சூனியக்காரி வீட்டுப் பெண்’: வடசென்னைப் பள்ளி ஒன்றில் நடந்த துன்புறுத்தல் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

வடசென்னையில் உள்ள அரசு உதவி பெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில், 2023-24 கல்வியாண்டில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியை வகுப்புத் தோழியர் சிலர் ‘சூனியக்காரி’ என்று அழைத்து ஒதுக்கினர். அந்த ஒதுக்கல் எப்படித் தொடங்கியது, எங்கே வேர்கொண்டிருந்தது, எந்த அளவுக்கு நின்றது என்பதை, அப்பள்ளிக்கு வாரந்தோறும் சென்றுவரும் மனநல ஆலோசகர் என்ற முறையில் இங்கே பதிவு செய்கிறேன். சிறுமியும் அவள் பெற்றோரும் இதைப் படித்துப் பார்த்து ஒப்புதல் அளித்துள்ளனர். அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

சிறுமிக்கு அப்போது பதினான்கு வயது. தந்தை துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டக லாரி ஓட்டுபவர். தாய் ஏற்றுமதி ஆடை நிறுவனம் ஒன்றில் தையல் வேலை செய்பவர். தந்தையைப் பெற்ற பாட்டியும் அவர்களுடனேயே இருக்கிறார். அந்தப் பாட்டியின் தாய், அதாவது சிறுமியின் கொள்ளுப்பாட்டி, இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் அடங்கும், அன்று வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஒரு சிற்றூரில் பிரசவம் பார்த்த மருத்துவச்சி. அவர் மீது சூனியப் பழி விழுந்ததும், முன்பற்கள் இரண்டை ஊரார் உடைத்ததும், அவர் மகளோடு சென்னைக்கு வந்துவிட்டதும் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. ஒரு காதுகுத்து விழாவில் அத்தை முறையான ஒருவர் அரைகுறையாகச் சொன்னதைக் கேட்ட சிறுமி, எட்டாம் வகுப்பில் தன் நெருங்கிய தோழியிடம் மட்டும் அதை இரகசியமாகச் சொல்லியிருந்தாள்.

தொடக்கம்

2023 ஜூலை இறுதியில், அறிவியல் செய்முறை ஏட்டை இரவல் தர மறுத்த வேறொரு மாணவியுடன் சிறுமிக்கு வாய்ச்சண்டை வந்தது. கோபத்தில் அவள், “நல்லா அனுபவிப்ப பாரு” என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். மறுநாள் காலை முதல் பாடவேளையில், ஏடு தர மறுத்த மாணவிக்கு வகுப்பறையிலேயே வலிப்பு வந்தது. ஆசிரியை பதறிப்போய்ச் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார், பிள்ளைகள் அலறினார்கள். அன்று மாலைக்குள் பழைய இரகசியம் வகுப்பு முழுவதும் பரவியிருந்தது.

சண்டை, சாபம் போல ஒலித்த ஒரு சொல், மறுநாளே ஒரு கேடு என்ற இந்த வரிசை புதிதல்ல. 1692இல் அமெரிக்காவின் சேலம் பகுதியில் முதலில் சூனியக் குற்றம் சாட்டப்பட்டவர்களுள் ஒருவரான சாரா குட், பிச்சை கேட்டுக் கிடைக்காதபோது முணுமுணுத்துக்கொண்டே போனதும், அதன்பின் அவ்வீடுகளில் நேர்ந்த கேடுகளும் அவருக்கு எதிரான சாட்சியங்களாயின. அங்கேயும் எல்லாம் சிறுமியருக்கு வந்த வலிப்பு போன்ற துடிப்புகளிலிருந்துதான் தொடங்கியது.

கவனித்தவை

செப்டம்பரில் வகுப்பாசிரியை அவளை என்னிடம் அனுப்பியபோது கொடுத்த குறிப்பில் ‘அடிக்கடி விடுப்பு, வயிற்றுவலி’ என்று மட்டுமே இருந்தது. வருகைப் பதிவேட்டைப் பார்த்ததில், விடுப்புகளில் பெரும்பாலானவை வெள்ளிக்கிழமைகளிலும் அமாவாசையை ஒட்டிய நாட்களிலும் விழுந்திருந்தன. காரணம் கேட்டபோது அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழும்போது, திரும்பி நின்று, நாற்காலியின் முதுகுப்பகுதியை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கதவை நோக்கி நடந்தாள். அடுத்த சந்திப்பில்தான் அதன் பொருள் விளங்கியது. தன் தலைமுடி ஒன்று பெஞ்சில் கிடந்தாலும் பக்கத்தில் இருப்பவர்கள் கத்துவார்கள் என்பதால், எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடையோடு வருவதையும், எழும்போதெல்லாம் முடி உதிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதையும் அவள் பழக்கமாக்கிக்கொண்டிருந்தாள்.

மற்றவை மெல்ல மெல்ல வெளிவந்தன. குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் அவள் மேசைக்குள் வைக்கப்பட்டிருந்தது. அவள் படத்தை வெட்டிச் சுற்றிலும் மிளகாய் ஒட்டிய வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. மதிய உணவில் அவளோடு பகிர்ந்து சாப்பிட யாரும் வரவில்லை. இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தந்தது அவளே தாழ்ந்த குரலில் கேட்ட கேள்வி: “நான் நெனச்சதாலதான் மிஸ் அவளுக்கு ஃபிட்ஸ் வந்துச்சா?” வெளியிலிருந்து வந்த பழியை அவள் பாதி ஏற்றுக்கொண்டிருந்தாள். தன்னை வருத்திக்கொள்ளும் எண்ணமோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ உண்டா என்று நேரடியாகவே கேட்டேன். இல்லை என்றாள், ஆனால் தூக்கம் குறைந்திருந்தது, யாரிடமும் கோபப்படக் கூடாது என்ற அச்சம் கூடியிருந்தது. இரவு நேரங்களில் தேவைப்பட்டால் அழைக்க, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அவளுக்கும் தாய்க்கும் எழுதிக் கொடுத்தேன்.

செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்தவை

பெற்றோர் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளியில் சேர்த்துவிட விரும்பினர். தலைமையாசிரியையோ காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அனைவர் முன்னிலையிலும் சம்பந்தப்பட்ட மாணவியரை மன்னிப்புக் கேட்கவைக்க விரும்பினார். இரண்டும் நல்லெண்ணத்தில் எழுந்தவைதாம். முதலாவது, ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட ஒரு பெண்ணின் கதையைப் பள்ளி அளவில் மறுபடி நடத்திக் காட்டுவதாகிவிடும். மேலும் அதே பகுதியில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் அந்த ஸ்டிக்கர் இவளுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டாவது, வகுப்பில் முப்பது பேருக்குத் தெரிந்ததைப் பள்ளி முழுவதற்கும் ஒலிபெருக்கியில் அறிவிப்பதாகும். ‘சூனியம் என்று எதுவும் இல்லை’ என்று ஒரு விழிப்புணர்வு உரையை உடனே வைக்கலாம் என்ற யோசனையையும் தள்ளிவைத்தோம். புது ஸ்கூட்டி வாங்கினால் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றாத ஆசிரியர் அப்பள்ளியில் எத்தனை பேர் என்று கேட்டால் விடை சங்கடமாகவே இருக்கும். அமாவாசை மறுநாள் தெருமுனையில் சிதறிக் கிடக்கும் திருஷ்டிப் பூசணியைத் தாண்டித்தான் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். ஒரு மணி நேர உரை அதை அழித்துவிடும் என்று நான் நம்பவில்லை.

பழி சுமத்தியவர்களையும் சுமந்தவளையும் உடனடியாக எதிரெதிரே உட்காரவைத்துச் சமாதானம் பேசவும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. சம பலம் இல்லாத இடத்தில் சமாதானப் பேச்சு பலம் குறைந்தவரிடமிருந்துதான் விட்டுக்கொடுத்தலை வாங்கும்.

முதலில் வலிப்பு

பழி முழுவதும் ஒரு நிகழ்வின் மேல் நின்றது. ஆகவே அந்த நிகழ்விலிருந்தே தொடங்கினோம். வலிப்பு வந்த மாணவியின் பெற்றோர் அதுவரை மருத்துவரிடம் காட்டவில்லை, தாயத்துக் கட்டியிருந்தனர். பள்ளியின் வற்புறுத்தலின் பேரில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். அங்கே மருத்துவர் விவரம் கேட்டபோது, ஓராண்டாகவே காலையில் எழுந்தவுடன் அவள் கை திடீரென உதறி, காபி டம்ளர் நழுவி விழுவது வழக்கம் என்று தாய் சொன்னார். கவனக்குறைவு என்று அடித்தும் இருக்கிறாராம். மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்துப் பார்த்தபின், பதின்பருவத்தில் தொடங்கும் ஒருவகை வலிப்பு நோய் என்றும், தூக்கம் கெட்டால் காலை வேளையில் அது தூண்டப்படும் என்றும் விளக்கி மாத்திரை தொடங்கினர். வலிப்பு வந்த நாளுக்கு முந்தைய இரவு அவள் அம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் விடியும்வரை விழித்திருந்தாள்.

இதை வகுப்பில் சொல்லலாமா என்று அந்த மாணவியையும் அவள் தாயையும் தனித்தனியே கேட்டோம். மாணவி, தானே சொல்வதாக முன்வந்தாள். அறிவியல் ஆசிரியை உடன் நிற்க, வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, இரும்பு கொடுப்பதால் பயனில்லை, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108ஐ அழைக்க வேண்டும் என்று அவளே விளக்கினாள். டம்ளர் நழுவிய கதையை அவள் சொன்னபோது வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள். சூனியம் என்ற பேச்சே அந்தப் பாடவேளையில் எழவில்லை. ஆனாலும் அதன் பிறகு எலுமிச்சம்பழம் வைப்பது நின்றது.

இரகசியத்தை உடைத்த தோழி

ஸ்டிக்கரை உருவாக்கியவள் அந்த நெருங்கிய தோழிதான். அவளைத் தனியே சந்தித்தபோது நான் எதிர்பார்த்தது துடுக்குத்தனத்தை, பார்த்தது பயத்தை. அவள் தாய்க்கு இரண்டு முறை கருக்கலைந்திருந்தது. குடும்பத்தார் குறி கேட்கப் போன இடத்தில், ‘கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிற ஒருத்தி’ காரணம் என்று சொல்லியிருந்தனர். தாய் தன் நாத்தனாரைச் சந்தேகித்தார்; மகள், தினமும் தன் டப்பாவில் கைவைத்துச் சாப்பிட்ட தோழியைச் சந்தேகித்தாள். அந்தப் பயம் அவள் செய்ததற்குச் சமாதானம் ஆகாது. பள்ளி விதிப்படி அவள் பெற்றோரை அழைத்து எழுத்துமூலம் எச்சரித்ததை நான் ஆதரித்தேன். அதே சமயம் தாயை மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பிவைக்கும் வேலையையும் எங்கள் கணக்கிலேயே எடுத்துக்கொண்டோம். துயரத்துக்கு வேறு விளக்கம் கிடைக்காதவரை ஒருவரைக் காரணமாக்கும் தேவை அந்த வீட்டில் இருந்துகொண்டே இருக்கும்.

வீட்டிலிருந்த கதை

சிறுமியின் பாட்டியை அவள் ‘ஆயா’ என்றே அழைப்பாள். முழுக் கதையையும் கேட்க வேண்டும் என்று அவளே சொன்ன பிறகுதான் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். 1958இல் பத்து வயதுச் சிறுமியாக இருந்த ஆயா, அன்று நடந்ததைத் தயக்கமின்றிச் சொன்னார். கணவனை இழந்த தாய்க்கு இரண்டு ஏக்கர் புன்செய் இருந்தது. கொழுந்தனார் வீட்டில் மாடுகள் அடுத்தடுத்துச் செத்தன. தாய் பிரசவம் பார்த்த அவ்வீட்டுக் குழந்தையும் இறந்தது. ஊர்க்கூட்டம் கூடியது. மந்திரச் சொல் வாயில் திருத்தமாக வராதிருக்கப் பல்லை உடைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. இது அந்த ஊருக்கு மட்டும் உரிய கொடுமை அல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மந்திரவாதி என்று சந்தேகிக்கப்பட்டவர்களின் முன்பற்களைத் தட்டிவிடும் வழக்கம் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்ததை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், கைம்பெண்ணுக்கு வாழ்நாள் வரையிலான அனுபோகமாக மட்டும் இருந்துவந்த சொத்தை அவருடைய முழு உரிமையாக்கியிருந்தது. கொழுந்தனாருக்கு அந்தச் சட்டம் தெரிந்திருக்குமா என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சிறுமியின் தந்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுப் பெற்றுவந்த நகல், அந்த நிலத்தைத் தாய் கொழுந்தனாருக்கு நூறு ரூபாய்க்கு விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரம். பல் உடைபட்ட அதே ஆண்டு கார்த்திகை மாதத்தில் எழுதப்பட்டது. ‘யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி மனப்பூர்வமாகச் சம்மதித்து’ என்று எல்லாப் பத்திரங்களிலும் வரும் வாசகம் அதிலும் இருந்தது. கீழே இடது கைப் பெருவிரல் ரேகை. சிறுமி அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் படித்தாள்.

ஒரு சிக்கலும் இதனோடு வந்தது. கொழுந்தனார் ஆயாவின் சொந்தச் சித்தப்பா. அவர் பிள்ளைகள் இன்றும் உறவு முறையில் வந்துபோகிறவர்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அரிசி மூட்டை அனுப்புகிறவர்கள். பழி சுமந்தவளும் சுமத்தியவனும் ஒரே குடும்பம் என்பது சிறுமிக்கு அதுவரை தெரியாது. தன்னைப் பாதிக்கப்பட்ட பக்கத்தில் மட்டும் வைத்துப் பார்க்கப் பழகியிருந்தவளுக்கு இது சில நாள் தாங்க முடியாததாக இருந்தது. என் கணிப்பில், அவள் தெளிவு பெறத் தொடங்கியதும் இதிலிருந்துதான். ‘ஆயாவின் அம்மா சூனியம் வைத்தாரா, இல்லையா’ என்ற கேள்வியையே அதுவரை அவள் சுமந்துகொண்டிருந்தாள். ‘இல்லை’ என்று வாதாடுவதுகூட அந்தக் கேள்வி நியாயமானது என்று ஒப்புக்கொள்வதாகும். பத்திரத்தைப் படித்தபின் அவள் கேட்ட கேள்விகள் மாறின: யார் கூட்டம் கூட்டியது, யாருக்கு நிலம் போனது, தடுக்க ஏன் ஒருவரும் வரவில்லை.

இந்தக் கட்டத்தில் சில செய்திகளை அவளோடு சேர்ந்து படித்தேன். 1995இல் சூனியக்காரி என்று தூற்றப்பட்டுத் துன்புறுத்தப்பட்ட ஜார்க்கண்டைச் சேர்ந்த சுட்னி மகதோ, பின்னாளில் அவ்வாறு பழிக்கப்பட்ட பெண்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டு 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். அதே ஆண்டு அசாமின் பிருபாலா ராபாவுக்கும் அதே பணிக்காக அவ்விருது கிடைத்தது. பீகாரில் 1999இலும் ஜார்க்கண்டில் 2001இலும் இதற்கெனச் சட்டங்கள் வந்தன. தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இல்லை. சேலம் வழக்குகளில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, தூக்கிலிடப்படாமல் தப்பிய எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் பெயர் மட்டும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குற்றவாளிப் பட்டியலிலேயே நின்றிருந்தது. மாசசூசெட்ஸில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் தங்கள் ஆசிரியையுடன் சேர்ந்து எடுத்த முயற்சியால் 2022இல் அது நீக்கப்பட்டது. தன் வயதை ஒத்த பிள்ளைகள் செய்தது என்பது அவளைப் பிடித்துக்கொண்டது.

நேருக்கு நேர்

ஜனவரியில், பொங்கல் விடுமுறைக்கு முன், ஸ்டிக்கரைப் பரப்பிய ஐந்து மாணவியரிடம் தான் பேச வேண்டும் என்று சிறுமி கேட்டாள். இடம், நேரம், யார் உடன் இருப்பது, எப்போது எழுந்து போகலாம் என்பவை எல்லாம் அவள் முடிவு. நூலக அறையில் நானும் வகுப்பாசிரியையும் ஓரமாக இருந்தோம். அவள் குற்றம் சாட்டவில்லை; பத்திர நகலில் பெயர்களை மறைத்துவிட்டு, அந்த வாசகத்தை உரக்கப் படித்தாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். “நீங்க என் டெஸ்க்ல வெச்ச எலுமிச்சம்பழம் எனக்குப் பயமில்ல. ஆனா அன்னிக்கு அந்தக் கூட்டத்துல இருந்தவங்களும் சும்மா வேடிக்கைதான் பார்த்தாங்களாம். அதத்தான் நீங்களும் பண்ணீங்க” என்றாள்.

நீண்ட அமைதிக்குப் பின் ஒருத்தி கேட்டது யாரும் எதிர்பாராதது: “அந்த நெலம் இப்ப யாருகிட்ட இருக்கு?” சித்தப்பா வீட்டாரிடம்தான் இருக்கிறது, அங்கிருந்துதான் பொங்கல் அரிசி வரும் என்று சிறுமி சொன்னாள். “அதையா சாப்புடுறீங்க?” என்றாள் இன்னொருத்தி. அதன் பிறகு பேச்சு மன்னிப்பை விட்டு விலகி, அந்த அரிசியைச் சாப்பிடலாமா கூடாதா என்று சூடாகப் போயிற்று. வகுப்பாசிரியை குறுக்கிட முனைந்தார், நான் தடுத்தேன். கடந்த ஆறு மாதத்தில் அந்த மாணவியர் அவளோடு சேர்ந்து எதையாவது விவாதித்தது அதுவே முதல் முறை. நெருங்கிய தோழி மட்டும் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

தொடர்ந்தவை

நான்கு பேர் தங்கள் கைபேசியிலிருந்து ஸ்டிக்கரை நீக்கினர். அது வேறு பிரிவு மாணவியரிடையே மார்ச் வரை தலைகாட்டிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் பலரிடம் பரவிவிட்டதைத் திரும்பப் பெற வழி இல்லை என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அவர்கள் புதிதாக அதிரவில்லை. சிறுமியின் வெள்ளிக்கிழமை விடுப்புகள் பிப்ரவரியில் நின்றன. நாற்காலியைத் தடவிப் பார்க்கும் பழக்கம் அதைவிட மெதுவாகத்தான் விட்டது. நெருங்கிய தோழி ஒரு தாளில் ‘சாரி’ என்று எழுதிப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். சிறுமி அதை ஏற்றுக்கொண்டாள், நட்பை ஏற்கவில்லை. இருவரும் பத்தாம் வகுப்பை ஒரே பிரிவில் முடித்தனர். அந்தத் தோழியின் தாய்க்குத் தைராய்டு குறைபாடு இருந்தது கண்டறியப்பட்டுச் சிகிச்சை தொடர்ந்தது.

வீட்டில் விளைவு வேறு மாதிரி இருந்தது. சிறுமியின் தந்தை அந்த ஆண்டு பொங்கல் அரிசியைத் திருப்பி அனுப்பினார். உறவில் பெரும் மனத்தாங்கல் உண்டாயிற்று. ஆயா மகனைக் கடிந்துகொண்டார். அவருக்கு அந்த ஊரோடு மீதமிருந்த ஒரே தொடர்பு அது. பள்ளியில் ஒரு மாணவியின் நலனுக்காகத் தொடங்கிய வேலை, எழுபத்தைந்து வயது மூதாட்டிக்கு ஓர் இழப்பை உண்டாக்கியது என்பதையும் இந்தப் பதிவில் சேர்த்தாக வேண்டும்.

மாற்ற வேண்டியவை

இத்தகைய குடும்ப வரலாறு வெளிவரும்போது, அதைச் சொல்லும் முதியவருக்கெனத் தனிச் சந்திப்புகள் முன்பே திட்டமிடப்பட வேண்டும். ஆவணங்களைத் தேடத் தொடங்கும் முன், கிடைப்பதை வைத்து உறவினரிடம் என்ன செய்யப்போகிறோம் என்று குடும்பம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அடுத்த முறை இதை முதல் வீட்டுச் சந்திப்பிலேயே சேர்ப்பேன்.

பள்ளி அளவில், வலிப்பு வந்த நாளிலேயே முதலுதவியும் மருத்துவப் பரிந்துரையும் நடந்திருந்தால் பழிக்குக் கிடைத்த அவகாசம் குறைந்திருக்கும். அப்பள்ளி இப்போது ஆண்டுத் தொடக்கத்தில் எல்லா ஆசிரியர்களுக்கும் வலிப்பு முதலுதவிப் பயிற்சி அளிக்கிறது. வருகைப் பதிவேட்டை மாத முடிவில் கூட்டிப் போடுவதோடு நில்லாமல், எந்தெந்தக் கிழமைகளில் விடுப்பு விழுகிறது என்று வகுப்பாசிரியர்கள் பார்க்கவும் கேட்டுக்கொள்ளப்பட்டுள்ளனர். கேலிப் பெயர்களைப் புகார்ப் பதிவேட்டில் ‘கிண்டல்’ என்று சுருக்காமல், சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும் என்பதையும் நான் வலியுறுத்தினேன். ஆகஸ்ட் மாதப் பதிவேட்டில் ‘தோழியருக்குள் சிறு கிண்டல்’ என்று இரண்டு இடங்களில் இருந்த குறிப்பு, ‘சூனியக்காரி’ என்று எழுதப்பட்டிருந்தால் செப்டம்பருக்கு முன்பே யாராவது நிறுத்திப் படித்திருப்பார்கள். முதல் இரண்டும் நடைமுறைக்கு வந்துவிட்டன. பதிவேட்டில் அத்தகைய சொற்களை எழுதுவது முறையா என்பது குறித்து ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது.